போதிதர்மர் வீட்டுக்கு வழி

காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள் இரண்டு வகை: சாமி கும்பிட வருகிறவர்கள், புடவை எடுக்க வருகிறவர்கள். முதல் வகையினர் மாலைக்குள் இரண்டாம் வகையினராகிவிடுவதால் இந்தப் பாகுபாட்டை ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சில ஆண்டுகளாக மூன்றாவது வகை ஒன்று தலைகாட்டுகிறது. சீனா, தைவான், ஜப்பான், மலேசியா, சிங்கப்பூர் என்று கிழக்கேயிருந்து வந்து, தங்கள் வம்சத்தின் வேர் இந்த ஊரில் எங்கோ புதைந்திருப்பதாக நம்பித் தெருத்தெருவாக விசாரிக்கிறவர்கள். எண்ணிக்கையில் இவர்கள் சொற்பம். ஆனால் உச்சி வெயிலில் வருகிறார்கள். யாரை விசாரிக்கக் கூடாதோ அவர்களையே தேடிப் பிடித்து விசாரிக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமைகூட அப்படி ஒரு கூட்டம் வந்து போனது. அதைப் பற்றி உரிய இடத்தில்.

சீனாக்காரருக்குக் காஞ்சிபுரத்தில் எப்படிப் பூர்விகம் இருக்க முடியும் என்றால், முடியும். சீனத்தில் துறவு கொள்கிறவர் பெற்றவர்களின் குடும்பப் பெயரை விட்டுவிட்டுச் சாக்கியர் குலப்பெயரை ஏற்பது நான்காம் நூற்றாண்டு முதல் இருந்துவரும் வழக்கம். அதற்குப் பிறகு ஆசான் தகப்பன், ஆசானின் ஆசான் தாத்தா. இந்த வம்சாவளியைச் சிரத்தையாக எழுதியும் வைக்கிறார்கள். அந்தப் பட்டியலில் புத்தருக்குப் பின் 28-வது ஆள் போதிதர்மர். சீனத்தின் சான் மரபுக்கும், அதிலிருந்து கிளைத்த ஜப்பானிய ஜென் மரபுக்கும் அவரே முதல் பாட்டன். ஜப்பானிய ஜென் மடங்களில் அக்டோபர் 5 அவருடைய நினைவு நாள். ஆகவே தைவானிலிருந்து வந்த மொட்டைத்தலைத் துறவி ஒருவர் இளநீர்க் கடையில் நின்று தாத்தா வீடு எங்கே என்று கேட்டால், அவர் அலங்காரமாகப் பேசவில்லை. நிஜமாகவே தாத்தா வீட்டைத்தான் கேட்கிறார்.

தாத்தா இந்த ஊர்க்காரர்தானா என்பதற்குச் சான்றுகள் வரிசையாக இவை. 547-ல் லோயாங் நகரத்து விகாரைகளைப் பற்றி எழுதிய யாங் சுவான்ழி, போதிதர்மர் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறார். தமக்கு 150 வயது என்று துறவி சொல்லிக்கொண்டதையும் குறித்துவைக்கிறார். 645-ல் தாவோசுவான் எழுதிய துறவியர் வரலாற்றில் அவர் தென்னிந்தியப் பிராமணர். தான்லின் என்பவர் எழுதிய முன்னுரையில் தென்னிந்திய அரசன் ஒருவனின் மூன்றாவது மகன். 1004-ல் தொகுக்கப்பட்ட ஜென் வரலாற்று நூலில் அந்த அரசனுடைய நாட்டுக்குப் பெயரும் கிடைத்துவிடுகிறது. அதைக் காஞ்சி என்று வாசிக்கிறவர்கள் உண்டு. இப்படியாகப் பாரசீகத்திலிருந்து கிளம்பிய மனிதர் ஐந்நூறு ஆண்டுகளில் படிப்படியாகத் தெற்கே நகர்ந்து காஞ்சிபுரம் அரண்மனைக்குள் வந்து சேர்ந்திருக்கிறார். பல்லவர் செப்பேடுகள் எதிலும் அவர் பெயர் இல்லை. கந்தவர்மன் மகன் என்று ஒரு கட்சியும் சிம்மவர்மன் மகன் என்று இன்னொரு கட்சியும் ஊரில் உண்டு. இரு கட்சியாரும் வாட்ஸ்அப்பில்தான் மோதிக்கொள்கிறார்கள் என்பதால் சேதம் அதிகமில்லை.

இதையெல்லாம் விசாரித்து வைத்திருக்கும் ஜீவன் ஒன்று ஒவ்வொரு ஊரிலும் இருக்கும். அதற்கு உள்ளூர் வரலாற்று ஆர்வலர் என்று பெயர். ஓய்வூதியம், மூக்குக்கண்ணாடி, நீலகண்ட சாஸ்திரியின் பழைய பதிப்பு ஒன்று, கோயில் வாசலில் அகாரணமாக நிற்கும் வழக்கம் ஆகியவை அடையாளங்கள். இந்தக் கட்டுரையை எழுதுவதும் அந்த வகை ஜீவன்தான் என்பதை வாசகர் இதற்குள் ஊகித்திருப்பார். இந்த ஜீவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. வெளியூர்க்காரர் காரிலிருந்து இறங்குவார், நாலாபுறமும் பார்ப்பார், ஆர்வலரைப் பார்ப்பார், அவரைத் தாண்டிப் போய்ப் பூக்கடையில் கேட்பார்.

பூக்கடையில் பதில் கிடைக்கும். அதுதான் காஞ்சிபுரத்தின் விசேஷம். இந்த ஊரில் வழி கேட்டு, தெரியாது என்ற பதிலைப் பெற்றவர் கிடையாது. 2011-ல் 'ஏழாம் அறிவு' வெளிவரும் வரை போதிதர்மர் என்ற பெயரை இந்த ஊரில் கேள்விப்பட்டவர்களை விரல்விட்டு எண்ணியிருக்கலாம். படம் வந்த மறுவாரத்திலிருந்து அவர் எந்தத் தெருவில் பிறந்தார், எந்தக் குளத்தில் குளித்தார், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பூக்காரம்மாள் கைபேசியிலுள்ள படத்தை வாங்கிப் பார்ப்பார். முட்டைக்கண், தாடி, காதில் வளையம். "நேரா போங்க" என்பார். நேராகப் போனால் மூங்கில் மண்டபம் வரும். காஞ்சிபுரத்தில் நேராகப் போனால் எப்படியும் மூங்கில் மண்டபம்தான் வரும். அங்கே பழக்கடைக்காரர் படத்தை வாங்கிப் பார்ப்பார். "தாண்டி வந்துட்டீங்களே" என்பார். திரும்பி வரும் வழியில் ராஜ வீதியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அகப்படுவார். அவர் படத்தை வாங்கமாட்டார். முதலில் வந்தவருடைய நாடு, வேலை, சம்பளம், எத்தனை பிள்ளைகள் என்று விசாரிப்பார். துறவி என்று தெரிந்ததும் சிறிது நேரம் அனுதாபத்தோடு பார்ப்பார். பிறகு போதிதர்மர் வாழ்ந்தது சின்ன காஞ்சிபுரம் என்றும், பெரிய காஞ்சிபுரத்தார் சொல்வதை நம்பிவிட வேண்டாம் என்றும் எச்சரிப்பார். சின்ன காஞ்சிபுரத்தில் கோயில் வாசலில் நிற்கும் பெரியவர், அவர் நம்முடைய ஆள் இல்லை, சிவன் கோயில் பக்கம் விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்புவார். சிவன் கோயில் பக்கத்தில், பௌத்தமெல்லாம் ஜினகாஞ்சியில் என்று திருப்பருத்திக்குன்றத்தைக் கைகாட்டுவார்கள். திருப்பருத்திக்குன்றத்தில் இருப்பது சமணர் கோயில். அங்கே காவலர் மட்டும் படத்தைக் கூர்ந்து பார்த்து, இந்த ஆள் இங்கே வந்ததே இல்லை என்று உறுதியாகச் சொல்வார். இத்தனை பேரில் சரியாகப் பதில் சொன்னவர் அவர் ஒருவரே. அவரையும் வந்தவர்கள் நம்புவதில்லை.

ஆட்டோக்காரரிடம் இந்த அலைச்சல் கிடையாது. போதிதர்மர் வீடு என்று சொல்லி முடிப்பதற்குள் "ஏறுங்க சார்" என்பார். கைலாசநாதர் கோயிலுக்கு ஓட்டுவார். அது மூடியிருக்கும். பிறகு வேகவதி ஆற்றங்கரையில் ஒரு காலி மனையைக் காட்டி, "இங்கதான் இருந்தாரு. அப்புறம் வித்துட்டுச் சீனாவுக்குப் பூட்டாரு" என்பார். வாங்கியவர் யார் என்று கேட்டால் அதற்கும் பதில் உண்டு, வழக்கு நடக்கிறது. வந்தவர்கள் காலி மனையைப் படமெடுத்து, ஒரு பிடி மண்ணையும் கைக்குட்டையில் முடிந்துகொள்வார்கள். இந்த வகையில் வேகவதிக் கரை மண் இன்னேரம் கிழக்காசிய மடங்கள் பலவற்றின் பூஜையறையில் இருக்கக்கூடும். அது அநேகமாக யாரோ வீடு இடித்துக் கொட்டிய மண்.

இவற்றுக்கெல்லாம் மேலே இப்போது கைபேசி வரைபடம். யாரோ ஒரு புண்ணியவான் போதிதர்மர் பிறந்த இடம் என்று பிள்ளையார்பாளையத்துத் தெரு ஒன்றில் ஒரு புள்ளியைக் குத்திவைத்திருக்கிறான். அது விழுந்திருப்பது ஒரு நெசவாளர் வீட்டின் மேல். அந்த வீடு, மேலே சொன்ன ஆர்வலரின் வீட்டுக்கு நேர் எதிர் வீடு. போன ஞாயிற்றுக்கிழமை வந்த கூட்டம் அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டுதான் வந்தது. ஆர்வலர் திண்ணையில்தான் இருந்தார். இருமினார்கூட. அவர்கள் எதிர்வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

உள்ளே நடந்தது கேள்வி ஞானமில்லை, ஜன்னல் வழியாகப் பார்த்தது. குழித்தறி என்பது தரையில் இடுப்பளவு பள்ளம் தோண்டி, நெய்கிறவர் அதற்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிப்பது. எதிரே பாவு, அதற்கப்பால் சுவர். வந்தவர்கள் கண்டது அரையிருட்டில் ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் சட்டையில்லாத ஒரு பெரியவர், அவர் முகம் சுவரைப் பார்த்து. ஷாவோலின் அருகே ஒரு குகையில் போதிதர்மர் ஒன்பது ஆண்டு சுவரைப் பார்த்து அமர்ந்திருந்தார் என்பது அவர்களுக்குத் தாலாட்டில் கேட்ட கதை. கூட்டத்தில் ஒருவர் தழுதழுத்த குரலில் எத்தனை ஆண்டுகளாக இப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்க, வழிகாட்டி மொழிபெயர்க்க, பெரியவர் நாடாவை நிறுத்தாமலே "ஆச்சு, முப்பது முப்பத்தஞ்சு வருஷம்" என்றார். அத்தனை பேரும் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். பெரியவர் காலை மேலே இழுத்துக்கொண்டார்; விழுகிறவர்கள் பள்ளத்தில் விழுந்துவிடக் கூடாதே என்ற கவலை. உட்கார்ந்தே இருந்து போதிதர்மருக்குக் கால் இற்றுப்போனது என்பது கதை. அதனால்தான் ஜப்பானில் விற்கும் தருமா பொம்மைக்குக் காலே இருக்காது. காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம் என்று பழமொழி உள்ள ஊரில் இந்தக் கதை எடுபட்டிருக்காது என்பதை யாராவது அவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. எதிர்வீட்டில் அன்று காபி கொடுத்தார்கள். பிறகு ஒரு கோர்வைப் புடவை விற்றார்கள். துறவிகளுக்குப் புடவை.

காஞ்சிபுரத்தின் பௌத்த எச்சங்கள் எங்கே இருக்கின்றன என்பது யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. 1915-ல் கோபிநாத ராவ் காமாட்சியம்மன் கோயிலுக்குள்ளும் சுற்றுப்புறத்திலும் ஐந்து புத்தர் சிலைகளைக் கண்டு எழுதினார். அவற்றுள் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் புத்தர் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டார். கருக்கினில் அமர்ந்தாள் கோயிலில் புத்தர் உண்டு. ஏகாம்பரநாதர் கோயில் மதிலில் சிறிய புத்தர் உருவங்கள் உண்டு. சிவகாஞ்சி காவல் நிலைய வளாகத்திலும் ஒரு புத்தர் அமர்ந்திருக்கிறார். பூர்விகம் தேடி வந்தவர்களைக் காவல் நிலையத்துக்குப் போகச் சொன்னால், தாங்கள் என்ன குற்றம் செய்தோம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். விளக்கிச் சொன்னாலும் தயங்குகிறார்கள். எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் காவல் நிலையத்துக்குள் தாமாக நுழைய மனம் வருவதில்லை. இதனால் இந்த ஊரில் பார்க்க வேண்டிய ஒரு புத்தரைப் பார்க்காமலேயே பலர் திரும்புகிறார்கள்.

சீன ஏடுகளில் காஞ்சி எங்கெங்கே வருகிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஹான் வம்ச வரலாற்றில் ஹுவாங்ழி என்று ஒரு தூர தேசம் வருகிறது; கி.பி. 2-ல் அந்த நாட்டு அரசன் சீனத்துக்கு உயிருள்ள காண்டாமிருகம் ஒன்றைப் பரிசாக அனுப்பியிருக்கிறான். ஹுவாங்ழி காஞ்சிதான் என்பது அறிஞர்களில் ஒரு சாராரின் கருத்து. காஞ்சியில் காண்டாமிருகம் எங்கே கிடைத்தது, அதைக் கடற்கரைவரை யார் ஓட்டிப்போனார்கள் என்பதை அவர்கள் விளக்குவதில்லை. இந்த ஊரில் மாட்டைக் காந்தி ரோட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓட்டவே அரைநாள் ஆகும்.

நிச்சயமாக வந்தவர் சீன யாத்திரிகர் யுவான் சுவாங். சுமார் 640-ல் காஞ்சிக்கு வந்தார். நகரின் சுற்றளவு முப்பது லி, நூற்றுக்கு மேற்பட்ட விகாரைகள், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட துறவிகள், எண்பது தேவர் கோயில்கள், திகம்பரர் ஏராளம் என்று கணக்கு எழுதியிருக்கிறார். இலங்கைக்குக் கப்பலேறத்தான் இங்கே வந்தார். அங்கே பஞ்சம், குழப்பம் என்று சொல்லி அந்த நாட்டுத் துறவிகளே கூட்டமாக இங்கே வந்து இறங்கியதைப் பார்த்துப் பயணத்தைக் கைவிட்டார். காஞ்சியில் பிறந்த தர்மபாலரைப் பற்றியும் விரிவாக எழுதுகிறார். அமைச்சர் மகன்; அரசன் தன் மகளைக் கொடுப்பதாக இருந்தது; கல்யாணத்துக்கு முந்தின இரவு ஆளைக் காணோம்; பின்னாளில் நாளந்தாவின் தலைவர். இவ்வளவு எழுதியவர் போதிதர்மரைப் பற்றி மூச்சு விடவில்லை. சீனாவில் பெரிய ஆளாகிவிட்ட ஒருவரின் சொந்த ஊருக்குச் சீனாக்காரர் ஒருவர் வருகிறார், கல்யாணத்துக்கு முந்தின இரவு ஓடிப்போனவன் கதையைக்கூட எழுதுகிறார், இதை எழுதவில்லை. இந்த ஒரு விஷயத்தைக் கேட்க ஒருவராவது வருவார் என்று ஆர்வலர் வெகுகாலமாகக் காத்திருக்கிறார்.

வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் ஓர் உருவத்தைக் காட்டி, அதுதான் யுவான் சுவாங் என்று சில வழிகாட்டிகள் சொல்கிறார்கள். வந்தவர்கள் அதோடு படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தச் சுவரில் நிஜமாகவே ஒரு பூர்விகம் தேடும் படலம் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் முன் யாரும் நிற்பதில்லை. பல்லவ அரசன் இரண்டாம் பரமேச்வரவர்மன் வாரிசில்லாமல் இறந்ததும், சுமார் 731-ல், காஞ்சிப் பெரியவர்கள் ராஜ வம்சத்தின் வேறொரு கிளையைத் தேடிப் புறப்பட்டார்கள். சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மனின் வழி. அவனிலிருந்து ஐந்தாவது தலைமுறையான இரணியவர்மனைக் கண்டுபிடித்து, எங்களுக்கு ஒரு ராஜா வேண்டும் என்றார்கள். இரணியவர்மன் மகன்களைக் கூப்பிட்டுக் கேட்டான். மூத்தவர்கள் மூவரும் வேண்டாம் என்றார்கள். கடைக்குட்டி, பன்னிரண்டு வயது பல்லவமல்லன், நான் போகிறேன் என்றான். தகப்பன் தயங்க, தரணிகொண்டபோசர் என்ற பெரியவர் சமாதானம் சொல்ல, மலையும் ஆறும் காடும் கடந்து பையன் காஞ்சிக்கு வந்து முடிசூடினான். அவனே இரண்டாம் நந்திவர்மன். அந்தக் கோயிலைக் கட்டியவன். கல்லில் படத்தைச் செதுக்கி, கீழே விளக்கமும் எழுதிவைத்திருக்கிறான். எங்கிருந்து வந்தான் என்பதில்தான் சண்டை. கம்போடியா என்கிறார்கள், சம்பா என்கிறார்கள், அவ்வளவு தூரமெல்லாம் இல்லை என்கிறார்கள். மூத்தவர்கள் மூவரும் ஏன் மறுத்தார்கள் என்பதைக் கல் சொல்லவில்லை. காஞ்சிபுரத்துக் கோடையைப் பற்றி யாரோ சொல்லியிருக்கலாம்.

நந்திவர்மனுக்கு முன் ஆண்ட ராஜசிம்மன் என்கிற நரசிம்மவர்மன் காலத்தில் சீனத்தோடு தூதுப் போக்குவரத்து நடந்தது. 720-ல் தென்னிந்திய அரசன் நரசிம்மன் யானைப்படையும் குதிரைப்படையும் கொண்டு அரபியரையும் திபெத்தியரையும் தண்டிக்க முன்வந்ததாகவும், தன் படைக்கு ஒரு பெயர் சூட்டித் தரும்படி கேட்டதாகவும் தாங் வம்ச ஏடுகளில் இருக்கிறது. சக்கரவர்த்தி பெயர் சூட்டினார். படை போனதாகத் தகவல் இல்லை. சீனத்தாருக்கென்று ஒரு கோயிலும் கட்டப்பட்டு, அதற்கும் பெயர் கேட்டு வாங்கப்பட்டது. போன தூதருக்குச் சக்கரவர்த்தி பூவேலை செய்த பட்டு அங்கியும் பொன் இடைக்கச்சும் கொடுத்தனுப்பினார். காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர் அயலூரில் பட்டு வாங்கிக்கொண்டு வந்ததாக வரலாற்றில் பதிவான அபூர்வ நிகழ்ச்சி இது.

பட்டு என்றதும் கடைக்கு வந்தாக வேண்டும். வேர் தேடுகிறவர்களும் அங்கேதான் வந்து சேர்கிறார்கள். இதற்குக் காரணம் கோயில் நேரம். சென்னையில் ஓட்டலில் நிதானமாகப் பலகாரம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் 75 கிலோமீட்டர் கடந்து பன்னிரண்டரைக்குத்தான் காஞ்சிபுரம் வரலாம். அதற்குள் நடை சாத்தியிருப்பார்கள். மறுபடி திறப்பது நாலு மணிக்கு. இடைப்பட்ட மூன்றரை மணி நேரத்தில் வெயிலில் நிற்க முடியாது. குளிர்சாதனம் இருப்பது காந்தி ரோட்டுப் புடவைக் கடைகளில். ஊரின் கமிஷன் வியாபாரம் முழுக்க இந்த மூன்றரை மணி நேரத்தின் மேல்தான் நிற்கிறது. சாமி தூங்காவிட்டால் பல குடும்பங்கள் பட்டினி கிடக்க வேண்டிவரும். போதிதர்மரைக் கேட்டாலும், யுவான் சுவாங்கைக் கேட்டாலும், கழிவறை எங்கே என்று கேட்டாலும் ஆட்டோ கடைசியில் புடவைக் கடை வாசலில்தான் நிற்கும். வாசலில் நிற்பவர் கதவைத் திறப்பார். உள்ளே ஜமக்காளம், மோர், தலைக்கு மேல் விசிறி. ஒரு புடவை விரிக்கப்படும். வேண்டாம் என்றால் இன்னொன்று விரிக்கப்படும். நாங்கள் துறவிகள் என்றால் வெள்ளை நிறத்தில் விரிக்கப்படும். ஆண்கள் என்றால் அங்கவஸ்திரம். பணமில்லை என்றால் கார்டு. கார்டு இல்லை என்றால்தான் மோர் டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

இந்தக் கடைகளில் மலேசியாவிலிருந்து வரும் சில அம்மாக்களைப் பார்க்க முடியும். முகம் அச்சு அசல் சீன முகம். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி. ஜப்பானியர் ஆட்சிக்காலத்திலும் அதன் பிறகும் மலாயாவில் வறுமைப்பட்ட சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுத்தது பரவலாக நடந்தது. தோட்டத்து லயங்களில் வளர்ந்த அந்தக் குழந்தைகளுக்கு வளர்த்தவர்களின் மொழிதான் தாய்மொழி, வளர்த்தவர்களின் ஊர்தான் சொந்த ஊர். பேத்தி கல்யாணத்துக்குப் புடவை எடுக்கவும், வளர்த்த தகப்பன் சொல்லிக்கொண்டிருந்த கிராமத்தை ஒரு நடை பார்த்துவிடவும் வருகிறார்கள். இவர்களைப் பார்த்ததும் கடைப் பையன் கற்றுவைத்திருக்கும் இங்கிலீஷ் முழுவதையும் கொட்டுகிறான். போதாக்குறைக்கு நீ ஹாவ் என்கிறான். அந்த அம்மாள் அவன் முடிக்கும்வரை பொறுத்திருந்து, "தம்பி, அந்த மாம்பழக் கலருக்கு அரக்கு பார்டர் போட்டது இருக்கா? ஜரிகை கெட்டியா இருக்கட்டும்" என்பார். பையனுக்கு வாய் திறந்தபடியே இருக்கும். விலையைக் கேட்டதும் அந்த அம்மாள் வாயிலிருந்து வரும் தமிழ், எழுதத்தக்கதல்ல.

மலாக்காவின் செட்டி சமூகத்தார் கதை இதற்கு நேர் தலைகீழ். நானூறு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் குடியேறிய தமிழ் வணிகர் வழியினர்; மலாய், சீனக் கலப்பு உண்டு. வீட்டில் பேசுவது மலாய். கும்பிடுவது 1781-ல் கட்டிய பொய்யாத விநாயகரை. முன்னோருக்குப் படையல் போடுவதில் இங்கே உள்ளவர்களைவிட ஒழுங்கு. இவர்கள் வந்து மலாய் மொழியில் பூர்விகம் விசாரித்தால், சீன முகத்து அம்மாவிடம் தமிழில் பேச மறுத்த அதே கடைப் பையன் இவர்களிடம் தமிழைத் தவிர வேறெதுவும் பேசமாட்டான்.

விரிக்கப்படும் புடவைக்கும் பூர்விகம் கேட்கலாம். நூல் கர்நாடகத்திலிருந்து, ஜரிகை சூரத்திலிருந்து. சீனப்பட்டு அர்த்தசாஸ்திரக் காலத்திலேயே இந்தியாவில் பேர்போனது. அண்மைக் காலத்தில் சீனப் பட்டுநூல் மலிவாக வந்து குவிய ஆரம்பித்ததால் 2003-ல் அதன்மேல் பொருள் குவிப்புத் தடுப்பு வரி போட வேண்டியிருந்தது. நெசவாளர் வீடுகளில் நூலுக்கு யாரும் ஜாதகம் பார்ப்பதில்லை. ஒரு பாவு தீர்ந்ததும் அதன் கடைசி இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கிவிடுகிறார்கள். பாவு புணைப்பது என்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள்; பெரும்பாலும் பெண்கள் வேலை; முதுகு போய்விடும். இந்தப் புணைப்பு சரியாக இருந்தால்தான் தறி ஓடும். எதிர்வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வந்த கூட்டம் இதைப் பார்க்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

அரசாங்கங்களும் வேர் தேடுவதுண்டு. 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் பிரதமர் மோதியும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். பல்லவர், யுவான் சுவாங், ஃபுஜியான் என்று பேச்சு எல்லாம் பழைய உறவைப் பற்றி. தமிழ்நாட்டுக்கும் ஃபுஜியான் மாகாணத்துக்கும் உறவு ஏற்படுத்துவது, மாமல்லபுரத்துக்கும் ஃபுஜியானுக்கும் இருந்த தொடர்பை ஆராய்வது, பழைய தடத்தில் ஒரு கப்பல் பயணம் என்றெல்லாம் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு கொரோனா வந்தது, எல்லையில் மோதல் வந்தது, கப்பல் பேச்சு அடங்கியது. இதில் காஞ்சிபுரத்தாருக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. சீன அதிபரின் முகத்தைச் சிவப்புப் பட்டில் பொன் ஜரிகையால் நெய்து பரிசளித்தார்கள். நெய்தது கோவைப் பக்கம் சிறுமுகையில். மாமல்லபுரத்திலிருந்து காஞ்சிபுரம் ஒன்றரை மணி நேரப் பாதை. பல்லவர் தலைநகரம் இது, பட்டு இங்கே, யுவான் சுவாங் வந்தது இங்கே. துணி சிறுமுகையிலிருந்து! சிறுமுகைக்காரர்கள் நன்றாகத்தான் நெய்திருந்தார்கள் என்று சொல்வது நியாயம். சொல்லியாகிவிட்டது.

காஞ்சிபுரத்திலிருந்து சீனாவுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஃபுஜியானின் சுவான்ஜோ துறைமுகத்தில் 1281-ல் தமிழ் வணிகர் ஒருவர் குப்ளாய் கானின் உடல்நலத்துக்காகச் சிவன் கோயில் எடுத்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அதைப் பார்க்க இந்த ஊரிலிருந்து யாரும் போவதாகத் தெரியவில்லை. போவது குவாங்சோவுக்கு, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடக்கும் பெரிய வர்த்தகச் சந்தைக்கு. அந்த ஊரில் ஹுவாலின் என்று ஒரு பழைய கோயில். போதிதர்மர் கப்பலிலிருந்து இறங்கியது அந்த இடத்தில் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. இன்று அதைச் சுற்றி நெரிசலான ஜேடு கல் அங்காடி. காஞ்சிபுரத்து ஜவுளி வியாபாரி யாராவது கோயிலுக்கு வழி கேட்டால், கடைக்காரர் முதலில் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, வளையல்களை வரிசையாகப் பரப்புகிறார். வியாபாரி இதற்கெல்லாம் கோபித்துக்கொள்வதில்லை. கூட்டிவந்தவனுக்கு நூற்றுக்கு எவ்வளவு என்று மட்டும் விசாரித்துத் தெரிந்துகொண்டு வருகிறார்.